வாரம் 16 மணி நேர வேலை, மீதியெல்லாம் ஓசியா?

ஜூலை 6, 2025, காலை

பரமக்குடியிலிருந்து ஒரு வாசகர் கேட்டது: "காலேஜ் வாத்தியாருக்கு வாரத்துக்கு 16 மணி நேரம்தான் வேலை என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யே எழுதி வைத்திருக்கிறது. மீதி நேரம் கல்லூரி நெட், கல்லூரி லைப்ரரி, கல்லூரி லேப், குவார்ட்டர்ஸ். எல்லாம் நம் வரிப்பணம். என் மச்சினன் கட்டட வேலைக்குப் போகிறான், அவனுக்கு நாளைக்குப் பத்து மணி நேரம். யாராவது பதில் சொல்வீர்களா?"

ஜூலை 6, இரவு

நான் சொல்கிறேன் அண்ணே. இராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் ஓர் அரசுக் கல்லூரியில் விலங்கியல் எடுக்கிறேன். ஊர், கல்லூரி பெயர் வேண்டாம். நாளைக்கும் அங்கேதான் போயாக வேண்டும்.

16 என்பது சரி. ஆனால் அது வகுப்பில் நிற்கும் நேரம் மட்டும். 2018 யு.ஜி.சி. விதிமுறையில் அதே பக்கத்தில் வாரம் 40 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது, தினமும் ஐந்து மணி நேரமாவது கல்லூரியில் இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. உதவிப் பேராசிரியருக்கு நேரடி வகுப்பு 16, இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14. பணியிடம் காலியாகக் கிடக்கும் துறையில் இந்தக் கணக்கெல்லாம் சுவரில் மாட்டிய காலண்டர் மாதிரி. காலியிடத்து வகுப்பையும் இருப்பவர்கள்தான் பங்கு போட்டுக்கொள்வோம்.

அந்த மிச்ச நேரத்தில் என்ன செய்கிறோம்? சொன்னால் நம்ப மாட்டீர்கள். புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் உதவித்தொகை ஆயிரம் ரூபாய் யாருக்கு ஏறவில்லை, யாருடைய ஆதார் வங்கிக் கணக்கோடு இணையவில்லை என்று பார்க்கிறோம். 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் தளத்தில் பிள்ளைகள் பதிவு செய்தார்களா என்று பார்க்கிறோம். கல்லூரிக்குத் தரம் போடுகிற நாக் (NAAC) குழு வருவதற்கு முந்தைய வருஷம் என்றால் ஏழு அளவுகோலுக்கும் ஏழு அலமாரி ஃபைல். எங்கள் மாவட்டக் கல்லூரிகள் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. விடைத்தாள் திருத்துகிற சீசனில் காரைக்குடி பஸ்ஸில்தான் பாதி வாழ்க்கை. தேர்தல் வந்தால் அதற்கும் நாங்கள்தான்.

உங்கள் மச்சினனை விடக் கஷ்டம் என்று சொல்லவில்லை. வெயிலில் நிற்பவர்களோடு போட்டி போட எனக்கு வாய் வராது.

ஜூலை 7

குவார்ட்டர்ஸ் கேட்டீர்களே, அது விட்டுப்போச்சு. எங்கள் கல்லூரியில் குவார்ட்டர்ஸே கிடையாது. உச்சிப்புளியில் வாடகை வீடு. தண்ணீர் லாரி எப்போது வரும் என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. ஏ.சி. ஒன்று இருக்கிறது. அது கம்ப்யூட்டர் லேபில், கம்ப்யூட்டர்களுக்காக.

ஜூலை 9

லேபைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். கேள்வியில் உண்மையான விஷயம் அதுதான் என்று எனக்குப் படுகிறது.

எங்கள் துறையில் நுண்ணோக்கி நிறைய இருக்கிறது. இருப்புப் பதிவேட்டில் அத்தனைக்கும் எண் உண்டு, வருஷாவருஷம் வேறு துறை ஆள் ஒருவர் வந்து எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். வேலை செய்கிறதா என்று அவர் கேட்க மாட்டார். இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இந்தக் காற்றில் உப்பு. மழைக்காலம் முடிந்து பெட்டியைத் திறந்தால் லென்ஸ் உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை பிடித்திருக்கும். அதைத் துடைக்க முடியாது, கண்ணாடிப் பூச்சையே தின்றிருக்கும். ஃபோகஸ் செய்கிற நுண்குமிழைத் திருகினால் நகராது. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு வைக்க வேண்டும். நீலமாக இருப்பது இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம், எடுத்து வாணலியில் வறுத்தால் மறுபடி நீலமாகும். நான் வீட்டிலிருந்து பழைய வாணலி ஒன்றைக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். அது பதிவேட்டில் இல்லை. பெட்டிக்குள் சின்ன பல்பு ஒன்று எரியவிடுவது பழைய ஆட்கள் வழக்கம், அதுவும் பலன் தரும்.

இதில் எது ரொம்பக் கெடும் தெரியுமா? பூட்டி வைத்ததுதான். தினமும் எடுத்துத் துடைத்துப் பயன்படுத்துகிற நுண்ணோக்கியில் பூஞ்சை அவ்வளவு சீக்கிரம் பிடிக்காது. அலமாரியில் 'புதுசு' என்று பிளாஸ்டிக் உறை கழற்றாமல் வைத்ததுதான் முதலில் போகும்.

பின் ஏன் பூட்டுகிறார்கள்? உடைந்தால் யார் பெயரில் இருக்கிறதோ அவர் சம்பளத்தில் பிடித்தம். மாற்றலாகிப் போகும்போது, ஓய்வு பெறும்போது நிலுவை இல்லை என்று சான்று வாங்க வேண்டும். ஒரு லென்ஸ் காணோம் என்றால் ஓய்வூதியப் பேப்பர் மேஜையை விட்டு நகராது. என் பழைய துறைத் தலைவர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதில் கெட்டிக்காரர். சாவியைக் கேட்டால் மட்டும் முகம் மாறிவிடும். பேராசை கிடையாது, பயம்தான். உங்கள் மச்சினனின் கொத்துக்கரண்டிக்கு யாராவது பதிவேடு போட்டிருந்தால் அவரும் அதைச் சாக்கில் சுற்றி வைத்துவிட்டுக் கையால்தான் பூசுவார்.

ஜூலை 9, கொஞ்சம் கழித்து

கெட்டுப்போனதைத் தூக்கிப் போடலாமே என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தூக்கிப் போட முடியாது தம்பி. 'கண்டம்' செய்ய வேண்டும், அதாவது இனி உதவாது என்று முறைப்படி கழிக்க வேண்டும். குழு, மதிப்பீடு, அனுமதி, ஏலம். அதற்குள் கெட்டுப்போனது நாலு மடங்காகிவிடும், புதியதை வைக்க அலமாரி இருக்காது.

ஜூலை 10

வாணலியைப் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள், நுண்ணோக்கியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. சரி. சமையலுக்கு அதைத் திரும்ப எடுக்கவே கூடாது. நீலச் சிலிக்காவில் கோபால்ட் குளோரைடு உண்டு, அது நஞ்சு. பக்கத்து லேபில் ஒரு பெண் "கிளறாமல் வறுக்கலாமா மேடம்" என்று கேட்டாள். கிளறியே வறுக்கலாம், குறைந்த தீயில்.

வறுக்கிற கதை வந்ததால் வடிநீர் (டிஸ்டில்டு வாட்டர்) கதையும். கல்லூரியில் வடிநீர் எந்திரம் இருக்கிறது. எங்கள் பக்கத்து நிலத்தடி நீரை அதில் ஊற்றினால் சீக்கிரமே ஹீட்டர் கம்பியில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகக் கட்டிவிடும். ஆசிட் போட்டுத் தேய்த்தால் கொஞ்ச நாள் ஓடும். அப்புறம் சுருள் வெடிக்கும். வெடித்தால் மேலே சொன்ன பதிவேடு. அதனால் நாங்கள் மெயின் ரோட்டு பேட்டரிக் கடையில் 'பேட்டரித் தண்ணி' கேன் வாங்குகிறோம். பி.எஸ்ஸி. பிள்ளைகளின் சாயம் கலக்குகிற வேலைக்கு அது போதும். பில் யார் பெயரில் என்று கேட்காதீர்கள். பேட்டரித் தண்ணீர் என்று பில் போனால் "கல்லூரியில் பேட்டரி எது?" என்று தணிக்கையில் கேள்வி வரும்.

ஜூலை 12

லைப்ரரி, இணைய ஆய்விதழ்கள். இது உண்மையிலேயே மாறியிருக்கிறது. வரிப்பணம் எங்கே போகிறது என்று கேட்டவர்கள் இதைப் படிக்கவும்.

மத்திய அரசு 2024 நவம்பரில் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், சுமார் 13,000 ஆய்விதழ்கள். 2025 ஜனவரியிலிருந்து நடக்கிறது. அரசு நடத்தும் கல்லூரி என்றால் பதிவு செய்து திறக்கலாம். அதற்கு முன்பெல்லாம் ஒரு கட்டுரை வேண்டுமானால் சென்னையில் படிக்கிற முன்னாள் மாணவனுக்குப் போன் போட்டு, அவன் இரவில் இறக்கி அனுப்புவான். எத்தனை துறைகள் அப்படி ஓடின என்று கணக்கெடுத்தால் நாடே சிரிக்கும்.

ஆனால் திறக்கலாம் என்பதற்கும் திறந்தது என்பதற்கும் நடுவில் ஒருவர் உட்கார்ந்து எல்லாருடைய பெயரையும் மின்னஞ்சலையும் ஏற்ற வேண்டும். நூலகர் பணியிடம் காலி என்றால் அந்த ஒருவர் யார்? வேறு துறை ஆசிரியர், கூடுதல் பொறுப்பு. அவருக்கும் 16 மணி நேரம்தான், அண்ணே.

ஜூலை 13

கீழக்கரைப் பக்கம் தனியார் கல்லூரியில் வேலை பார்க்கும் ஒரு தங்கை சொல்வது: "அக்கா, நீங்கள் கொண்டாடுகிறீர்கள், எங்களுக்கு அது கிடையாது." அவள் சொல்வது சரி. இப்போதைக்கு அரசு நடத்தும் நிறுவனங்களுக்குத்தான். தனியார், உதவி பெறும் கல்லூரிகள் என்-லிஸ்ட் என்கிற இணைய ஆய்விதழ்த் தொகுப்புக்குத் தனியாகப் பணம் கட்டித்தான் ஓட்டுகின்றன.

தங்கைக்கு ஒன்று சொல்கிறேன், காசு கேட்காத வழி. 1947-ல் தொடங்கி, மண்டபம் முகாமில் ரொம்ப வருஷம் இருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தெரியும்தானே. தலைமையகம் 1971-ல் கொச்சிக்குப் போனாலும் மண்டபத்தில் மண்டல மையம் இருக்கிறது. அவர்களுடைய கட்டுரைகள், அறிக்கைகள் எல்லாம் இணையத்தில் ஒரே இடத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. மன்னார் வளைகுடா, பாக் நீரிணை மீன்கள் பற்றி ஐம்பதுகளிலிருந்து எழுதியது அத்தனையும் இருக்கும். 1958-ல் மண்டபத்தில் தொடங்கிய இந்தியக் கடல் உயிரியல் சங்கத்தின் பழைய இதழ்களும் அப்படித்தான். வெளிநாட்டு ஆய்விதழ் சந்தா இல்லையே என்று அழுகிற நம் பிள்ளைகளுக்கு வேண்டியதில் பாதி, பஸ்ஸில் போகிற தூரத்தில் எழுதப்பட்டது. இதை நானே ரொம்பத் தாமதமாகத்தான் வகுப்பில் சொல்ல ஆரம்பித்தேன்.

ஜூலை 15

"முறைகேடு பற்றி வாயே திறக்கவில்லையே மேடம்?" என்று பரமக்குடி அண்ணன் திரும்ப வந்திருக்கிறார். திறக்கிறேன்.

உண்டு. பெண்ணின் பள்ளி ப்ராஜெக்ட்டைத் துறை பிரின்டரில் கலர் கலராக எடுக்கிறவர் உண்டு. கல்லூரி நெட்டில் மத்தியானம் முழுக்கப் பங்குச் சந்தை பார்க்கிற ஒருவரைத் தெரியும். கையெழுத்துப் போட்டுவிட்டு ரயில் நேரத்துக்குக் கிளம்புகிறவர்கள் உண்டு. அவர்களால் கெட்ட பெயர் எங்கள் எல்லாருக்கும் வருகிறது, அதில் எனக்குக் கோபம் உண்டு.

முதல் நாள் நான் எழுதியதைத் திரும்பப் படித்தபோது, ஆசிரியர்கள் எல்லாரும் தியாகிகள் என்கிற தொனி அதில் கொஞ்சம் தூக்கலாக இருந்ததாகத் தோன்றியது. அப்படி இல்லை. நிரந்தரப் பணியில் உள்ள எங்கள் சம்பளம் நல்ல சம்பளம். அதை வாங்கிக்கொண்டு ஏ4 தாளுக்கு அழுவது அழகில்லை. ஆனால் பிரின்டர் திருட்டைப் பிடிக்கத்தான் பதிவேடு என்றால், அது தப்பான இடத்தில் வலை போட்டிருக்கிறது. தாளைத் திருடுகிறவர் தப்பிக்கிறார், நுண்ணோக்கியைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறவர் மாட்டுகிறார்.

ஜூலை 20

இவ்வளவு நாளும் இங்கே பேசியது நிரந்தர ஆட்களைப் பற்றி. கௌரவ விரிவுரையாளர்களை, அதாவது நிரந்தரமில்லாமல் தொகுப்பூதியத்தில் பாடம் எடுப்பவர்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் பல வருஷம் அதில் இருந்தவள்.

எங்கள் பக்கத்துப் புதிய அரசுக் கல்லூரிகளைப் போய்ப் பாருங்கள். வகுப்பில் நிற்பவர்களில் பெரும்பாலானோர் அவர்கள்தான். 2019-ல் யு.ஜி.சி. சொன்னது ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை. கைக்கு வருவது அதில் பாதியளவு, அதுவும் பதினோரு மாதத்துக்கு. மே மாதம் காற்றுதான். 2024 மார்ச்சில் 4,000 உதவிப் பேராசிரியர் இடத்துக்கு அறிவிப்பு வந்தது, விண்ணப்பித்தவர்கள் 2025 ஜூலையிலும் தேர்வுக்குக் காத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

வளாகப் பொருளைப் பயன்படுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். கௌரவ விரிவுரையாளர் பெயரில் பதிவேட்டில் எதுவும் ஏற்ற மாட்டார்கள், பொறுப்பு வைக்க முடியாதே. ஆக, கையெழுத்துப் போடுகிறவர் வகுப்பில் இல்லை, வகுப்பில் இருப்பவருக்குக் கையெழுத்து இல்லை. அந்த வருஷங்களில் ஒரு தடவை செய்முறை வகுப்புக்கு நுண்ணோக்கி வேண்டும் என்று சாவிக்காகக் காத்திருந்தேன். பொறுப்பாளர் திருத்தும் பணிக்குக் காரைக்குடி போயிருந்தார். பிள்ளைகள் பிளாங்டன் (கடல் நீரில் மிதக்கும் நுண்ணுயிர்கள்) மாதிரியைப் புட்டியில் பிடித்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒரு பையன் மொபைல் கேமரா மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து அதைப் பெரிதாக்கிக் காட்டினான். அதிலிருந்த கோப்பிபாட் என்கிற குட்டி ஓட்டுயிரின் உணர்கொம்பு கூடத் தெரிந்தது. வகுப்பு நன்றாகத்தான் போனது. எரிச்சல் மட்டும் போகவில்லை.

ஜூலை 21

அந்தப் பையன் இப்போது என்ன செய்கிறான் என்று கேட்டவர்களுக்கு: மொபைல் கடை வைத்திருக்கிறான். கேட்காதவர்களுக்கும் சேர்த்து: நன்றாகச் சம்பாதிக்கிறான், என்னைவிட.

ஜூலை 27

பேச்சு வேறு பக்கம் போகிறது, போகட்டும். எங்களுடைய பெரிய ஆய்வகம் கட்டடத்துக்குள் இல்லை, கரையில் இருக்கிறது. அதைப் பயன்படுத்துவதற்கும் விதி உண்டு. அது கல்லூரி விதியில்லை, கடல் விதி.

பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கிளம்பும். மறுநாள் காலையில் கரைக்கு வரும். மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. ஆகவே மீன் அடையாளம் காண்கிற வகுப்பைச் செவ்வாய், வியாழன் காலையில் வைத்தால் கூடை நிறையப் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை வைத்தால் அவ்வளவு வகை கிடைக்காது. கால அட்டவணை போடுகிற குழுவிடம் இதைச் சொன்னால் "எல்லாத் துறைக்கும் ஒரே மாதிரிதான் மேடம்" என்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வேறு. பருவத் தேர்வும் விடுமுறையும் பெரும்பாலும் அதிலேயே விழுந்துவிடுவது எங்கள் அதிர்ஷ்டம்.

ஏலம் போடுகிற இடத்தில் தங்கச்சிமடத்துப் பிள்ளைகள்தான் ஆசிரியர்கள். நான் காரல் என்று ஒரே பெயரில் சொல்வதை அவர்கள் ஏழெட்டு வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லி, எது கருவாட்டுக்கு, எது குழம்புக்கு என்று அடுக்குவார்கள். நான் அறிவியல் பெயரைத் துடுப்பு முள்ளை எண்ணிக் கண்டுபிடித்து அதற்கு நேரே எழுதுவேன். அந்தப் பட்டியல் எங்கள் துறையில் கையெழுத்துப் பிரதியாக இருக்கிறது. அதற்கும் பதிவேட்டு எண் இல்லை, நல்லவேளை.

எடுக்கக் கூடாதவையும் உண்டு, புதிதாக வருகிற ஆசிரியர்கள் கவனிக்கவும். கடல் அட்டை, கடல் குதிரை, பவளம் எல்லாம் 2001-லிருந்து வனவிலங்குச் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. கரையில் செத்து ஒதுங்கியதைக்கூட 'லேபுக்கு' என்று பையில் போடக் கூடாது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளும் 1986-ல் அறிவித்த தேசியப் பூங்காவில் அடக்கம். மாணவர்களை அழைத்துப் போக வனத்துறை அனுமதி வேண்டும், மாதிரி எடுக்கத் தனி அனுமதி. தவளையை அறுப்பதும் இப்போது கிடையாது. யு.ஜி.சி. 2011-ல் குறைக்கச் சொல்லி, 2014-ல் நிறுத்தச் சொல்லிவிட்டது. மார்க்கெட்டில் விற்கிற மீனைக் கொண்டுவந்து பிள்ளைகளிடம் காட்டுகிறேன். ஐஸ் காசு என் கையிலிருந்து. வகுப்பு முடிந்ததும் மீன் எங்கே போகிறது என்று கேட்டார் எங்கள் முதல்வர். ஆய்வக உதவியாளர் மேலே பார்த்துக்கொண்டு நின்றார். ஃபார்மலினில் போடாத வரை நானும் ஒன்றும் கேட்பதில்லை.

ஆகஸ்ட் 3

"ரயில் நேரத்துக்குக் கிளம்புகிறவர்கள்" என்று எழுதியதற்கு ராமேஸ்வரம் தீவுக்குள் வேலை பார்க்கும் ஓர் அண்ணன் வருத்தப்பட்டிருக்கிறார். அவர் பக்கமும் சொல்ல வேண்டியதுதான். 2022 டிசம்பர் கடைசியில் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள். புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ல் திறக்கிற வரைக்கும் ராமேஸ்வரத்துக்கு ரயிலே இல்லை. மண்டபத்திலோ இராமநாதபுரத்திலோ இறங்கி, கூட்டத்தில் தொங்கிக்கொண்டு பஸ் பிடித்து முதல் வகுப்புக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். திருவிழா நாளிலும் அமாவாசையிலும் பாலத்து மேல் வண்டி வரிசை நகராது. அந்த இரண்டே கால் வருஷத்தில் எத்தனை முதல் வகுப்பு போயிருக்கும் என்று யாரும் எந்த ஃபைலிலும் எழுதவில்லை. சரி அண்ணே, ரயிலுக்குக் கிளம்புகிறவர்களைக் குறை சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பங்குச் சந்தைக்காரரை விட மாட்டேன்.

ஆகஸ்ட் 10

தீவுப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் இந்த மாதம் கௌரவ விரிவுரையாளராகச் சேர்ந்த ஒரு தங்கச்சி தனியாகக் கேட்டிருந்தாள், "அக்கா, முதல் வாரம் என்னென்ன கேட்டு வாங்கணும்?" இங்கேயே சொல்கிறேன், மற்றவர்களுக்கும் உதவும்.

கால அட்டவணையைக் கையெழுத்தோடு ஒரு நகல் வாங்கி வைத்துக்கொள். வாயால் சொன்ன வகுப்பு எண்ணிக்கை மாத முடிவில் மாறும். நூலகப் பொறுப்பாளரைத் தேடிப் போய் உன் மின்னஞ்சலை ஆய்விதழ்ப் பட்டியலில் ஏற்றச் சொல். 'கௌரவம்தானே' என்று விட்டுவிடுவார்கள், விடாதே. துறையில் தற்காலிக வழங்கல் நோட்டு ஒன்று போடச் சொல்லிக் கேள். சாதாரண நாற்பது பக்க நோட்டு போதும். காலையில் யார் எடுத்தார், மாலையில் எந்த நிலையில் திரும்ப வந்தது, இரண்டு கையெழுத்து. பெரிய பதிவேட்டில் உன் பெயர் இல்லாமலே கருவி உன் கைக்கு வரும், பொறுப்பாளருக்கும் பயம் குறையும். எங்கள் துறையில் இது ஓடிக்கொண்டிருக்கிறது. உடைந்தது ஒரு ஸ்லைடு பெட்டி, அதுவும் பூனை தள்ளியது.

சாவி கேட்கும்போது துறைத் தலைவர் "நாளைக்குப் பார்ப்போம்மா" என்றால் ஆய்வக உதவியாளரிடம் கேள். இன்னொரு சாவி அவரிடம்தான் இருக்கும்.